பன்னிரண்டாம் பெயர்ப்பு

கொடையாளி எண் பதினேழு. பெண். வயது நாற்பத்தாறு.
அடிவயிற்றில் உறிஞ்சிய கொழுப்பு, இருநூறு மில்லி.
இதற்குமேல் தெரிந்துகொள்ள எனக்கு அனுமதி இல்லை.

தார்த்துவில் அப்போது அக்டோபர்.
கழுவி, கரைத்து, சுழற்றி,
மிஞ்சிய குருத்துச் செல்களைக் குடுவையில் இட்டேன்.
இரண்டாம் நாள் தரையைப் பற்றிக்கொண்டன,
நெத்திலிபோல் மெலிந்து,
இருமுனையும் கூர்ந்து,
எங்கோ போகிற அவசரத்தில்.

இடம் நிறைந்தால் பெயர்த்து நட வேண்டும்.
டிரிப்சின், நான்கு நிமிடம்.
குடுவையின் விலாவில் உள்ளங்கையால் ஒரு தட்டு.
பிடிவிட்டு உருண்டு மிதக்கும்.
மூன்றில் ஒரு பங்கு புதுக் குடுவைக்கு,
மூடிமேல் எண் ஒன்று கூடும்.
நாலு. ஐந்து. ஆறு.
எமாயொகி ஆற்றில் பனி இறுகியது.
கிறிஸ்துமஸ் இரவிலும் வந்து உணவு மாற்றினேன்.
"யாரோ ஒருத்தியின் தொப்பைக்காகவா?"
என்றார் ஹெல்துர், என் தட்டை மூடிவைத்தபடி.

எட்டில்தான் முதலில் கண்ணில் பட்டது.
மூன்று நாளில் நிறைந்த தரை
ஐந்து நாள் கேட்டது. அப்புறம் ஒன்பது.
நெத்திலிகள் திருக்கைகளாகப் பரந்தன.
ஒன்று படுத்தால்
பத்துக்கான இடம் போயிற்று.

பன்னிரண்டில் சோதித்தேன்.
கொழுப்பாகு என்று சொல்லும் மருந்தை
இருபத்தொரு நாள் ஊட்டிச்
சிவப்புச் சாயம் விட்டேன்.
இரண்டாம் பெயர்ப்பில்
மாதுளை உடைத்ததுபோல் மின்னிய எண்ணெய்த் துளிகள்
இப்போது தேடித் தேடி நாலு.
கொழுப்பிலிருந்து வந்தவை, கொழுப்பை மறந்துவிட்டன.
அது வேண்டாமென்று மேசையில் படுத்தவளுக்கு
இதைச் சொல்ல என்னிடம் விலாசம் இல்லை.

நீலச் சாயத்தை மட்டும் தயங்காமல் ஏற்றன.
நீலம் என்றால் முதுமை, எங்கள் ஏட்டில்.
சாகவில்லை. பெருகவும் இல்லை.
சும்மாவும் இருக்கவில்லை:
எதையெதையோ கசியவிட்டுப்
பக்கத்தில் இருந்தவற்றையும் நீலமாக்கின.

"பிளீச் ஊற்று" என்றாள் ஊர்வெ, தலை நிமிராமல்.
ஊற்றினேன்.
இளஞ்சிவப்பு வெளுத்துத் தண்ணீர்போல் ஆயிற்று.

நைட்ரஜன் தொட்டியில் இன்னும் ஒரு சீசா இருக்கிறது.
பதினேழு, இரண்டாம் பெயர்ப்பு, அக்டோபர்.
இந்த மார்ச்சில் அவளுக்கு
நாற்பத்தேழு ஆகியிருக்கலாம்.
வெளியே எடுத்து, உறைபனியைத் துடைத்து,
எண் சரிதானா என்று பார்த்தேன்.
சரிதான்.
திரும்ப உள்ளே இறக்கிய பிறகும்
கையுறைக்குள் விரல்நுனி
கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருந்தது.