ஒன்றரை முழம்

முத்தையன்கட்டுக் காட்டோரம்
கச்சானுக்குப் பாத்தி கொத்துகையில்
மண்வெட்டி ணங்கென்றது.
கல்லின் சத்தம் எனக்குத் தெரியும். இது கல்லில்லை.

நாலு விரல் மண்ணை விலக்கினேன்.
குழல்.
திரும்ப மூடினேன்.

முல்லைத்தீவு நீதிமன்றில் என் பெயர்
ஏற்கெனவே ஒருமுறை வாசிக்கப்பட்டது:
சின்னையன் மகன் கனகரூபன்,
பன்றிக்குக் கட்டிய துவக்கு,
ஐந்து வருசம் ஒத்திவைத்த மறியல்.
இன்னும் பதினொரு மாதம் கிடக்கிறது.

தூக்கினால் வைத்திருந்தவன்.
சொன்னால் இடம் தெரிந்தவன்.
துருப்பிடித்தது சுடாதென்று
எந்தப் பொலிசுக்கு விளங்கப்படுத்த?
பன்றி வந்து கிளறினால்
அதற்கு வழக்கில்லை.

விடியமுன் கதியால்களைப் பிடுங்கி
ஒன்றரை முழம் உள்ளே நட்டேன்.
முள்ளுக்கம்பி மிச்சமாய்ச் சுருண்டு கிடந்தது.

காட்டை வெட்டி வேலி தள்ளுகிற ஊரில்
காணியைக் காட்டுக்குக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.
"விசரே உனக்கு?" என்றான் இரத்தினவேல்.

வன இலாகாக்காரர் வந்து
நாடா பிடித்துப் பார்த்துவிட்டு
நல்ல மனிசன் என்று எழுதிக்கொண்டு போனார்கள்,
அதை மிதித்தபடி.

இரவில் பன்றி உறுமுகிறது.
வேலிக்கு எந்தப் பக்கம் என்று
எழும்பி நின்று கேட்கிறேன்.