மீற்றர்ப் பையில் புல்

ஐந்து நாளைக்கென்று தந்துவிட்டுப் போனாள்
மாடிவீட்டு நிலுக்‌ஷி.
கட்டாரிலிருந்து இப்போது அவள் அனுப்புவது
இதயக்குறிகள் மட்டும்.
கூட்டுக்குள் இரண்டு கினிப்பன்றி:
சிவப்பு, கொச்சிக்காய். வெள்ளை, புட்டு.

நான் மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிறவன்.
உவர்மலை தொடங்கி லிங்கநகர் மட்டும்
நாளுக்கு நூற்றெழுபது படலை, முப்பத்தொரு நாய்.
கரட் விலை ஏறிய மாதத்தில்தான்
முதல்தடவையாக நிலத்தைப் பார்த்து நடந்தேன்.

அறுகு தெரியும்.
பிள்ளையாருக்கு வைக்கும் புல்லை
அவருடைய வாகனத்தின் ஒன்றுவிட்ட தம்பிகளுக்கு வைத்தேன்.
நிமிஷத்தில் தீர்ந்தது.
வல்லாரை, சம்பல் தின்ற நாக்குக்குத் தெரியும்.
கானாவாழையைப் படம் பார்த்து,
பூ நீலம்தானா என்று மூன்று தரம் பார்த்துப் படித்தேன்.
எங்களைப்போல அதுகளும்
விற்றமின் சி-யைத் தன்னுடம்பில் செய்யத் தெரியாத சாதி;
பச்சை இல்லாவிட்டால் மூட்டு வீங்குமாம்.

கொப்பியில் இடப்பக்கம் யூனிற், வலப்பக்கம் இலை.
ஒடித்தால் பால் வருகிறதா, விடு.
எருக்கலை, அலரி, ஊமத்தை: தொட்டாலே கையைக் கழுவு.
கரட் இலைபோல நெளிந்து நிற்கும் பார்த்தீனியம்
வெள்ளைப் பொட்டுப் பூ வரும்வரைக்கும் நல்லபிள்ளை.
மான் தின்றதே என்று நம்பாதே,
கோட்டை வாசலில் மான் லன்ச்சீற்றும் தின்னும்.
தெருவோரம் நாய்க்கும் பஸ்ஸுக்கும் சொந்தம்.

குப்பைமேனியில் பிழை விட்டேன்.
பூனை உருண்டு விளையாடுகிற செடி,
யார் நினைப்பது?
அன்றிரவு கொச்சிக்காய் மூலையில்
முடி சிலிர்த்து, பல்லை நறநறத்து,
ஒரு புழுக்கையும் போடாமல்.
மிருக வைத்தியர் இர்ஷாத் கையில் தூக்கிப் பார்த்தார்.
"மாடு தெரியும், ஆனை தெரியும்.
எங்கட பாடத்தில இது
ஊசி போட்டுப் பார்க்கிற சாமான் தம்பி."
ஊசி கழற்றின சிரிஞ்சில் தண்ணீர்,
மணிக்கு ஒரு தரம், கடைவாயால்.
மூன்றரைக்கு ஒரு புழுக்கை விழுந்தது.
மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.
புழுக்கைதான்.

பிறகு, புதிதென்றால் ஒரே ஒரு இலை.
ஒரு நாள் பொறு.

பத்தொன்பதாம் இலக்கத்து ஆட்கள் ரொறன்ரோவில்.
படலைப் பூட்டில் துரு. ஏறிக் குதித்துத்தான் மீற்றர்.
நாலு வருஷமாக 04417.
பார்க்காமலே எழுதுவேன்.
மருந்தடிக்க ஆளில்லை, நாய் நுழைய வழியில்லை.
முழங்கால் மட்டும் அறுகு,
கிணற்றடி முழுக்க வல்லாரை.
ஊரின் நல்ல புல்லெல்லாம்
ஆளில்லாத வளவுகளில்தான் நிற்கிறது.
இதைக் கொப்பியில் எழுதவில்லை.

மாசியில் 04431.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன்.
கழுத்தில் துவாயோடு ஒரு பெண் வந்தாள்.
பைவாயில் தொங்கிய பச்சையைப் பார்த்து,
"கரண்டுக்குக் காசா, புல்லுக்கும் காசா?"
சொன்னேன். சிரித்தாள்.
நாளைக்கு மருந்தடிக்க ஆள் வருகிறதாம், பாம்புக்குப் பயமாம்.
கொஞ்சம் நின்று,
"கிணத்தடிய விடச் சொல்லுறன். எது எதெண்டு காட்டுங்கோ."
இரண்டு பேரும் குனிந்தோம்.
"இது?"
வல்லாரை.
"இது?"
தெரியாது.
"தெரியாதெண்டா?"
தெரியாதெண்டா வேண்டாம்.

காற்று கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது.
அது கிணற்றடியென்று பார்த்து வீசாது.
அவளுக்கு அதைச் சொல்லவில்லை,
அவள் இவ்வளவு தூரம் குனிந்த பிறகு.
இரண்டு நாளைக்குக் காணுமளவு அறுத்தேன்.
பில்லை மதிலில் கல் வைத்து விட்டேன்.

வீட்டுப் படியில் பை சரசரக்க
உள்ளே இரண்டும் வீக் வீக்கென்று கத்தத் தொடங்கின.
கொப்பியைத் திறந்தேன்.
இடப்பக்கம் 04431.
வலப்பக்கம் ஒன்றும் எழுதாமல் விட்டேன்.