நான்கு எக்ஸ் வேகம்

நான் ஒரு கம்பியைக்கூடத் தொட்டதில்லை.
என் வேலை எழுதுவது.
அரசடியில், கொமியூனிகேஷன் கடையின் பின்னறையில்,
வெறும் சிடியைத் தட்டில் வைத்து
உள்ளே தள்ளி
விளக்கு அணையும்வரை
மேசையில் எவர் கையும் படாமல் பார்த்துக்கொள்வது.

ஐம்பத்திரண்டு எக்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும்.
அந்த வேகத்தில் எழுதினால் பழைய செற்றுகள் வாசிக்காது.
நான்கில் எழுது என்றான் ரொட்னி பெல்த்மன்,
இரவில் பேஸ் கிற்றார், பகலில் மோட்டார் சைக்கிள் திருத்துபவன்.
ஒன்றுக்குப் பத்து நிமிடம். நூறு சிடி.
நடுவில் கரண்ட் போனால் அது குப்பை.
பதினேழு குப்பையாயிற்று.

இதற்கெல்லாம் முன்னால்
ஒரே எம்பீத்ரீ சிடியில் நூற்று நாற்பது பாட்டு.
யார் பாடியதென்று பாதிக்குத் தெரியாது.
'ட்ராக் 09' என்று ஒருவனை வணங்கிக்கொண்டிருந்தோம்.
அவன் புது ஆல்பம் போட்டுவிட்டான் என்று
கொழும்பிலிருந்து வந்த ஒருத்தன் சொன்னபோது
பெயரைக் கேட்க வெட்கமாயிருந்தது.

ஃபியூஸ் கம்பி. அது இவர்களுடைய பெயர்.
ரொட்னி, கிற்றாருக்குக் குகதாசன்,
ட்ரம்ஸுக்குக் காத்தான்குடி அஜ்வத்
(வாப்பாவுக்கு அது கணக்கு வகுப்பு),
பாடுவது சுகிர்தா.
ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்:
எந்தப் பாட்டிலும் மீன் பாடக் கூடாது.
வாவி வரலாம், சும்மா வாவியாக,
நுளம்போடு.

இரவு பஸ்ஸில் வந்தது செம்மஞ்சள் பெடல்.
மன்னம்பிட்டியில் இறக்கிச் சோதித்தார்கள்.
மூன்று திருகி, ஒரு மிதி, ஒன்பது வோல்ட் பற்றரி, வயர்.
இது என்ன செய்யும் என்றான் சிப்பாய்.
குகதாசன் அரைச் சிங்களத்தில் சொன்னான்:
நல்ல சத்தத்தைக் கெடுக்கும்.
சமாதான காலம். சிப்பாய் சிரித்துவிட்டான்.
வேறு வருடமென்றால் இந்த வரி இராது.

ஆல்பத்தின் பெயர் நாலாம் கட்டை,
ஒத்திகைக் கொட்டில் அந்த மைல்கல்லுக்கு எதிரே என்பதால்.
அச்சகத்தில் நோட்டீஸ் கோத்தவர்
'ராக் இசை மாலை'யில் ஏதோ பிழையென்று
'ராக இசை மாலை' ஆக்கினார்.
கட்டை என்றால் சுருதிதானே என்று
மூலையில் ஒரு தம்புராவும் போட்டுவிட்டார்.

ஆறு மணிக்கு வந்து நிறைந்தார்கள்,
வேட்டி, விபூதி, பட்டு,
முன்வரிசையில் சங்கீத ரீச்சர்மார் மூவர்.
எங்கள் ஆட்கள் மணல் செருப்போடு சுவரோரம்.
அஜ்வத் குச்சியைத் தட்டினான்.
முதல் பாட்டு முடியுமுன் இரண்டு வரிசை எழும்பியது.
ஒருவர் போகவில்லை.
பெயர் பிறகுதான் தெரியும்: சபாநடேசன், நீர்ப்பாசனத் திணைக்களம்.
தொடையில் தாளம் போட்டார், பிசகியது,
விரலை எண்ணினார், மறுபடி தொடங்கினார்.
அவரைப் பார்த்த பயத்தில் அஜ்வத்
ஏழை எட்டாக்கிவிட்டான்.

மூன்றாம் பாட்டின் நடுவில் கரண்ட் போனது.
கிற்றாரும் பேஸும் செத்தன.
ட்ரம்ஸ் நிற்கவில்லை. சுகிர்தாவும்.
இருட்டுக்குள் அவள் குரல்
முதல்முறையாகச் சொல்லோடு கேட்டது.
"அட, தமிழ்!" என்றது யாரோ.

விற்றது பதினொன்று.
மிச்சம் எழுபத்திரண்டும் என் பின்னறைக்கே வந்தன.
ரொட்னி கட்டாருக்கு விண்ணப்பம் நிரப்பினான்.
அடுத்த ஒத்திகை எப்போதென்று
ஒருவரும் கேட்கவில்லை. நானும்.

ஒன்றரை மாதம் கழித்து, மத்தியானம்,
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
சைக்கிளைச் சாத்திவிட்டுக் குனிந்து வந்தார் நீர்ப்பாசனம்.
பைக்குள்ளிருந்து லேஞ்சி,
லேஞ்சிக்குள் சிடி.
"மனே, ஐஞ்சாவது பாட்டு இழுக்குது.
துடைச்சும் பாத்தன்.
மாத்தித் தர ஏலுமா?"

கைக்கெட்டும் தூரத்தில் எழுபத்திரண்டு இருந்தன.
எடுக்கவில்லை.
வெறும் சிடி ஒன்றைத் தட்டில் வைத்தேன்.
பத்து நிமிடம் செல்லும் என்றேன்.
"செல்லட்டும்" என்று கதிரையை இழுத்தவர்
மேசையில் தட்டப்போன விரலை
தானாகவே மடக்கிக்கொண்டார்.