தகட்டுக் கிற்றார்

அறிவிப்பாளனுக்குப் பெயர் சொல்ல வராத வாத்தியம் அது.
"அடுத்து, குருநகர் மடுத்தீன்" என்று தொடங்கி
மைக்கைப் பார்த்தபடி நிற்பேன்.
மடியில் மல்லாந்து கிடக்கும் கிற்றார்.
நெஞ்சில், சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்ததுபோல் ஒரு தகடு.
ஒருமுறை வாய் தவறி மின்சார வீணை என்றேன்.
இறங்கும்போது காதில் சொன்னான்:
"இதுக்குக் கரண்ட் தேவையில்லை, விசரா."

காங்கேசன்துறையில் சீமெந்துக் கப்பல் மாலுமி ஒருவன்
சாராயக் கடனுக்கு விட்டுப்போனது.
பெட்டிக்குள் ஓர் இசைத்தட்டும் கிடந்தது.
அந்த இசைக்கு அவர்கள் ஊரில் புளூகிராஸ் என்று பேராம்,
நீலப் புல்.
எங்கள் பக்கம் பச்சைப் புல்லுக்கே வழியில்லை,
மாடுகள் சினிமாப் போஸ்டர் தின்றன.
தட்டு கீறல் விழுந்து ஒரே இடத்தில் சுற்றும்வரை கேட்டான்.
ஆறு கம்பியையும் ச க ப, ச க ப என்று கூட்டினான்.
மத்திமம் எங்கே என்று கேட்டால்
"இரும்பைத் தள்ளு, வழியிலை நிக்கும்."

எழுபத்தெட்டில் மாதம் பதினைந்து மேடை.
கோண்டாவிலில் விடியவிடிய,
மறுநாள் நாவாந்துறையில் பெருநாள்.
பாடகருக்கு நூறு, ஓகனுக்கு எழுபத்தைந்து,
மடுத்தீனுக்கு நாற்பது,
எனக்கு முப்பதும் ஒரு சோடாவும்.
எலெக்ரிக் கிற்றார்ப் பெடியன் வொலியூமைத் திருகினால்
மடுத்தீன் வாசிப்பது மடுத்தீனுக்கே கேட்காது.
அவன் மனம் தளரவில்லை என்று எழுதினால் பொய்.
இரண்டு தரம் விற்கப் பார்த்தான்.
வாங்க ஆள் வரவில்லை.

பிறகு தொண்ணூறு.
கரண்ட் போனது, வருடக்கணக்கில்.
ஓகன் சீலை மூடிப் பிரேதமாய்க் கிடந்தது.
பெடியன் கனடா போனான்.
பற்றரிக்குத் தடை; சைக்கிளைக் கவிழ்த்து
கையால் சுற்றிய டைனமோவில் சனம் பாட்டுக் கேட்டது.
கலியாணங்கள் மட்டும் நிற்கவில்லை.

பந்தலின் கடைசி வரிசைக்கும் அந்தத் தகடு போய்ச் சேர்ந்தது.
பாயாச வாளியோடு போனவன்
ஊற்ற மறந்து நின்றான்.
நாற்பது நானூறாகி, ஆயிரத்தைத் தாண்டி,
காசு வேண்டாம் மண்ணெண்ணெய் தாருங்கள் என்றும் கேட்டான்.
கம்பி அறுந்தால் பிரேக் கேபிளைப் பிரித்துக் கட்டினான்.
இரும்பு தொலைந்த நாளில்
எரிந்த லொறி ஒன்றிலிருந்து பிஸ்டன் பின்னைக் கழற்றி வந்தான்.
அது முந்தியதைவிட வழுக்கியது.
நான் மைக் இல்லாமல் கத்திக்கத்தி
குரலை முடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் லாம்பைத் தணித்துவிட்டுச் சொன்னான்:
"ஊர் இருண்டதாலைதான் என்னை எல்லாரும் பாக்கினம்.
இதை ஒருத்தரிட்டையும் சொல்லாதை."
முப்பது வருடம் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்து ஒக்டோபர், நாவற்குழிப் பாலம்.
மழை. கால் வைக்க இடமில்லை.
அவன் தலையில் கிற்றார்ப் பெட்டி, அதற்குள் அரிசி.
கிற்றார் முதுகில், உரச் சாக்கில்.
யாரோ ஒருவன் "வாசியுமன்" என்றான்.
வாசிக்கவில்லை.
"அவன் காசு தரான்" என்றான் என்னிடம், கைதடி வந்தபிறகு,
சிரிக்காமல்.

பாதை திறந்தது. கீபோட் வந்தது.
நூற்றுப் பதினேழை அமுக்கினால் அவனுடைய சத்தம்.
குனிந்து கேட்டான்.
"சுருதி சுத்தம்.
இரண்டு சுரத்துக்கு நடுவிலை ஆளில்லை."
அதற்குப் பிறகு அவனை யாரும் அழைத்தால்
பழைய படத்துக்குப் பக்கத்தில் நிற்க அழைத்ததுதான்.
அதற்கும் கட்டணம் கேட்டான். சிலர் கொடுத்தார்கள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, நல்லூர்ப் பக்கம் ஒரு மண்டபம்.
தாலி ஏறியபின் கரண்ட் நின்றது.
கீபோட் பாதிச் சுரத்தில் செத்தது.
இருட்டில் குழந்தை ஒன்று அழ,
சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து அந்த இரும்பு நகர்ந்தது.
எனக்கு எழுந்து அறிவிக்க வேண்டும்போல் இருந்தது.
தொண்டையில் காற்றுத்தான் வந்தது.

ஜெனறேற்றர் பிடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்,
லைற்றுக்கு.
மடுத்தீன் பெட்டியை மூடிக் கொக்கி போட்டான்.
"எத்தினை நிமிசம்?"
"நாலு."
"கொப்பியிலை எழுது."