கரி பூசும் வேலை

பெயிண்ட் இல்லை. அதுதான் சிக்கல்.
பல் துலக்கும் பிரஷ், வாளியில் வெந்நீர்,
ஓட்ஸ் அட்டையில் வெட்டிய எழுத்துகள்.
நூறாண்டுப் புகை படிந்த மணற்கல்லில்
அழுக்கை மட்டும் தேய்த்தெடுத்து எழுதியிருக்கிறார்கள்:
'இந்த நூலகத்தின் கடனை
ஓர் ஆறு கட்டுகிறது.'

கிளாஸ்கோ, நவம்பர், காலை ஐந்தரை.
தெருவிளக்கில் அந்த வரி மட்டும் தேன் நிறம்.
எந்த ஆறென்று கீழே பொடியாக:
செம்புச் சுரங்கத்தைத் தாண்டியபின்
மீனில்லாமல் ஓடுவது.
சுரங்கத்தில் பல்கலைக்கழகத்தின் பங்கு
நான்கு மில்லியன் பவுண்டு.

"அழித்துவிடு, டூகல்."
அழுக்கை அழிப்பேன், மிஸஸ் ராங்கின்,
பத்தொன்பது வருஷப் பிழைப்பு அது.
சுத்தத்தை எப்படி அழிப்பது?
சுவர் முழுக்கக் கழுவலாம்.
நிதிப் பிரிவு கணக்குப் பார்த்தது. பணமில்லையாம்.
இருக்கிற பணம் ஆற்றில் கிடக்கிறது.

பதினொரு மணிக்கு ஒரு டப்பா கரித்தூள் வந்தது.
எண்ணெயில் குழைத்து, துணியில் தொட்டு,
பல்கலைக்கழகத்தின் முகத்தில்
நானே கரி பூசினேன், கூலிக்கு.

எதிர்ப்பக்கம் கம்பளித் தொப்பியில் ஒரு பெண்.
விரல்நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
தேநீர் வேண்டுமா என்று கேட்டாள்.

அவள் பிரஷ்ஷின் நீல இழை ஒன்று
கல்லிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்தது.
அதைச் சுற்றிக்கொண்டு போனது என் துணி.

வேலைச் சீட்டில் 'துப்புரவு' என்றே அச்சிட்டிருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.
பஸ்ஸில் நான் பிடித்த கம்பியெல்லாம் கறுப்பு.
பாலம் தாண்டுவதற்குள் மழை,
இந்த ஊர் வழக்கப்படி பக்கவாட்டில்,
சுவரைப் பார்த்து.