ஆயிரத்து முந்நூற்றுப் பத்து

மாவு நிறுக்கும் தராசில்தான் நிறுத்தேன்.
கிண்ணத்துக்குள் சுருண்டு கிடந்தான் கிப்பர்.
எண் ஓடி ஓடி நின்றது:
ஆயிரத்து முந்நூற்றுப் பத்து கிராம்.
போன செவ்வாய் ஆயிரத்து நானூற்று எண்பது.

நெட்டில், டாட் என்று பெண்கள் இருவர்.
மார்ச்சில் சூடு பிடித்தால்
ஆண் சேரும்வரை இறங்காது ஃபெரட்டுக்கு.
இறங்காத சூடு எலும்புக்குள் போய்
ரத்தம் ஊறும் இடத்தையே வற்றவைக்கும்.
குட்டிகளும் வேண்டாம், இவர்கள் சாகவும் வேண்டாம்.
ஆகவே இவனுக்குக் குழாய் கத்தரிப்பு.
பக்கத்து வீட்டு லெஸ்லி ட்வைட்
வேலிமேல் சாய்ந்து சிரித்தார்:
'உழுவான், விதைக்கமாட்டான்.'

மூன்றாம் நாள் காலை அங்கே ஒரு நெல்லிக்காய்.
மாலைக்குள் எலுமிச்சை.
டாக்டர் ஃபியரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னார்:
தையலை அவனே பிரித்திருக்கிறான்.
நாய்க்கு மாட்டும் கூம்பு இவனுக்கு ஆகாது,
தலையும் கழுத்தும் ஒரே பருமன்;
மாட்டியது மாட்டியபடி கையோடு வந்தது.

பழைய ஸ்வெட்டரின் ஒரு கையை வெட்டினேன்.
கால்களுக்கு நான்கு ஓட்டை,
மூத்திரத்துக்கு ஒன்று,
அளவு தவறியதால் இன்னொன்று.
மரத்தூளை வாரிக் கொட்டிவிட்டு
செய்தித்தாள் விரித்தேன்.
காலை மஞ்சள் மருந்து, இரவு வெள்ளை மருந்து,
நான்கு மணிக்கொருமுறை கோழிக் கூழ், ஊசிக்குழலில்.
மறக்காமலிருக்க எல்லாவற்றையும் எழுதி
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.
அங்கே ஏற்கெனவே ஒரு தாள் இருந்தது.
அதன்மேலேயே ஒட்டினேன்.

ஐந்தாம் இரவு, மணி இரண்டு.
மேரிபோர்ட்டில் மழை மேலிருந்து வருவதில்லை,
கடலிலிருந்து பக்கவாட்டில் வந்து
ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது.
புண் தானே திறந்துகொண்டது.
அந்த வாடை அவனுடையது அல்ல.
அவன் வாடை எனக்குத் தெரியும்,
தேனில் நனைந்த கம்பளி.
இது வேறு.
வெந்நீரில் உப்பு, துணி, விளக்கு.
அழுத்தினேன். கட்டைவிரலைக் கடித்தான்.
அவன் பல்லை விடவில்லை,
நான் துணியை விடவில்லை.
அப்படியே இருந்தோம்,
சீழ் நின்று சுத்த ரத்தம் வரும்வரை.

குழாயில் மிச்சமிருப்பது தீர
ஏழு வாரம் ஆகுமாம்.
நெட்டிலுக்கு ஏழு வாரம் இல்லை.
ஈறு வெளுக்கத் தொடங்கியிருந்தது.
ஆளுக்கொரு ஹார்மோன் ஊசி போட்டார் டாக்டர்,
அரை நிமிட வேலை.
அதை முதலிலேயே போட்டிருக்கலாமே என்று
லெஸ்லி கேட்கவில்லை.
கேட்டிருந்தால் கோபப்படவாவது
எனக்கு ஓர் ஆள் கிடைத்திருப்பார்.
கூண்டின் முன் உட்கார்ந்து
கிப்பரிடம் சொல்லிப் பார்த்தேன்.
ஸ்வெட்டருக்குள்ளிருந்து கொட்டாவி விட்டான்.
எல்லாப் பல்லும் தெரிந்தது.

பதினோராம் நாள் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து.
மஞ்சள் மருந்து தீர்ந்தது.
பட்டியலைக் கிழித்தேன்; பசை விடாமல்
அடியிலிருந்த தாளும் சேர்ந்து வந்தது.
கார்லைல் மருத்துவமனை, சிறுநீரகப் பிரிவு,
திரு. எட்வின் போஸில்வைட்,
தாங்கள் வரத் தவறிய இரண்டாவது பரிசோதனை.
வலிக்கவில்லை என்று வைத்திருந்தேன்.
இவனும் மூன்றாம் நாள் வரை
வலிக்காதவன் மாதிரித்தான் ஓடினான்.

தொலைபேசியில் காத்திருக்கச் சொன்னார்கள்.
யாரோ பியானோ வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.
அந்த நேரம் பார்த்து
பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைக் கவ்விக்கொண்டு
பின்பக்கமாகவே இழுத்துப் போகிறான் கிப்பர்,
சோபாவின் அடிக்கு.
பாதி உடம்பு உள்ளே போயிற்று.
ஸ்வெட்டர் ஆணியில் மாட்டிக்கொண்டது.
முன்னேயும் போகமாட்டான், கையுறையையும் விடமாட்டான்.

'வணக்கம், உங்கள் பிறந்த தேதி?'
என்றது ஒரு குரல்.
முழங்காலில் இருந்தேன், முகவாயில் தொலைபேசி.
ஒரு நிமிடம் அம்மா, என்றேன்,
வைத்துவிடாதீர்கள்.