பாதித் தலை

நாலாம் நம்பர், இயற்கைக் கறுப்பு என்று
பெட்டியில் எழுதியிருந்தது.
பெட்டிமேல் சிரிக்கிற பெண்ணுக்கு
இருபத்திரண்டு வயதுகூட இராது.
அவளுக்கு எதற்குச் சாயம்?

ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க
என் முறை.
சனிக்கிழமை மத்தியானம்
கிண்ணத்தில் குழைத்து, பழைய பல்துலக்கியால்
வகிடுக்கு இடப்பக்கம் முழுக்கப் பூசிவிட்டு
வலப்பக்கம் போகுமுன்
கை கழுவலாமென்று குழாயைத் திருப்பினேன்.
இருமியது.
காற்றைத் துப்பியது.
பிறகு அதுவுமில்லை.

டோங்காட்டில் தண்ணீருக்குச்
சொல்லிவிட்டுப் போகிற பழக்கமில்லை.

"லாரி வந்திருக்கு ரோடா, கோயில் முக்குல!"
வேலிக்கு மேலே மிஸஸ் நட்வர்லாலின் குரல்.
செக்கர்ஸ் கடைப் பையைத் தலையில் கவிழ்த்து
காதோரம் முடிச்சிட்டு
இரண்டு வாளியோடு ஓடினேன்.
ஐம்பத்தொன்பதில் ஓட்டம் என்பது
மனசு மட்டும் ஓடுவது.

வரிசை நீளம்.
வெயிலில் சாயம் உருகி
நெற்றியில் ஒரு கோடு இறங்கியது.
துடைத்தேன்; புருவமும் கறுத்தது.
மேட்டு வயலில் கரும்பு எரித்துக்கொண்டிருந்தார்கள்.
கரித்தூள் மிதந்து வந்து
பைக்கு வெளியே நீண்ட வெள்ளை முடியில்
உட்கார்ந்தது, காசு கேட்காமல்.

லாரிப் படியில் உட்கார்ந்திருந்த பையன்
என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.
கோகோ, முன்னால் வா, என்றான்.
போன மாதம்வரை 'மா' என்றவன்.
ஜூலு வாயில் அது மரியாதை;
என் காதில் அது வயசு.

நரைத்த தலைக்கு முன் எழுந்திருக்கச் சொல்லி
மோசே காலத்திலேயே கட்டளை உண்டு.
ஞாயிறு பள்ளியில்
தப்பில்லாமல் ஒப்பித்துப் பென்சில் வாங்கியவள் நான்.
எனக்காகவும் ஒருவன் எழுவான் என்று
நினைத்ததே இல்லை.
வெட்கமாய் இருந்தது.
ஆனாலும் முன்னால் போனேன்.

ஒரு வாளியில் தலையை அலசினேன்.
மற்றது சோற்றுக்கும் தேநீருக்கும்.
கண்ணாடியில் இரண்டு பெண்கள்:
இடப்பக்கம், ஆலை கிளப்பில்
டேனியலின் கைபிடித்து ஆடியவள்.
வலப்பக்கம், அவன் பெட்டிக்குப் பின்னால்
நடந்து போனவள்.
கிண்ணத்தில் மீதிச் சாயம் இறுகிக் கிடந்தது.

ஆண்டவரே, என்றேன்,
என் தலைமுடியை எல்லாம் எண்ணி வைத்திருக்கிறீராமே.
கறுப்பு தனி, வெள்ளை தனி என்று
இரண்டு கணக்கா?
இந்த நாட்டில் அப்படித்தான் எண்ணினார்கள்,
பெஞ்சை, பஸ்ஸை, கடற்கரையை,
பிள்ளை பெறும் ஆஸ்பத்திரியை.
நாங்கள் இரண்டிலும் சேராத மிச்சம்.
உம்முடைய பேரேட்டில்
ஒரே பத்திதான் என்று நம்புகிறேன்.

ஜன்னலுக்கு வெளியே
எரிக்காத வயலில் கரும்பு பூத்திருந்தது,
சரிவு முழுக்க வெள்ளி.
நல்ல உவமை,
சொல்லிக்கொள்ளலாம் என்று பார்த்தால்
டேனியல் முப்பது வருஷம்
ஆலையில் சாறு அளந்தவன்.
பூத்தால் இனிப்பு குறையும் ரோடா,
பார்க்கத்தான் அழகு, என்பான்.
அவனோடு வாதாடிப் பழகிய வாய்
இன்னும் ஓயவில்லை:
குறையட்டும்.
பூத்துவிட்டது என்று
கட்டைக் கீழே தள்ளிவிட்டுப் போன லாரி
ஒன்றையாவது பார்த்திருக்கிறாயா நீ?

தண்ணீர் ஞாயிறும் வரவில்லை.
தொப்பியை எடுத்தேன்.
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
பாதித் தலையோடு மேடை ஏறினேன்.
பாஸ்டரின் மனைவி
சிரிப்பை இருமலுக்குள் ஒளித்தாள்.
முன்வரிசையில், கோவெண்டர் வீட்டுக் குழந்தை
வாய் மூடவில்லை.
நான் வாசித்து முடித்து
இடத்தில் போய் உட்கார்ந்த பின்னும்
பெஞ்சில் முட்டிபோட்டுத் திரும்பி
பிரசங்கம் முழுக்க என்னையே பார்த்தது.
நானும் தலையைத்
திருப்பித் திருப்பி
இரண்டு பக்கமும் காட்டினேன்.